எஞ்சின் கட்ட நினைக்கும் பையனுக்கு எதற்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்?

திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். பள்ளி விட்டால், எஞ்சின் சிலிண்டர் கடையும் சித்தப்பாவின் போரிங் பட்டறையே கதி. பந்தய எஞ்சின் கட்டப் போகிறேன் என்கிறான். இந்த ஆசை நிலைக்குமா என்று வீட்டில் கேள்வி. கட்-ஆஃப் சுமார்தான். பெரியப்பா மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசிவிட்டார். நான்கு வருஷத்துக்கு 14 லட்சம். வெளிநாட்டு மாமாவோ, எதையாவது ஒரு பி.இ. முடிக்கட்டும், பிறகு இங்கிலாந்தில் மோட்டார்ஸ்போர்ட் எம்.எஸ்சி.க்கு அனுப்பலாம் என்கிறார். "கடைசிவரை கையில் கிரீஸோடவே நின்னுடுவானோன்னு பயமா இருக்குங்க" என்று முடித்திருக்கிறார் அப்பா.

கிரீஸ் சோப்புப் போட்டால் போய்விடும் ஐயா. கடன் அப்படிப் போகாது. 14 லட்சத்தில் 12 லட்சத்தை 11 சதவீத வட்டிக்கு வாங்கி 10 வருஷத்தில் அடைப்பதாக வைத்தால், மாதத் தவணை 16,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. பையன் விருப்பமில்லாமல் படித்து, அரியரோடு வெளியே வந்து, இதை அடைக்க ஏதோ ஒரு வேலைக்குப் போவான். கோடிங்கில் ஆசை உள்ள பிள்ளைக்கு அந்தப் படிப்பு நல்ல படிப்புதான். உங்கள் மகன் அந்தப் பிள்ளை இல்லை என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது. அந்த சீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

பெரியப்பா கேட்பார்: "எஞ்சின் கட்டி யார் பெரிய ஆள் ஆனான்?" அதற்குப் பதில் பந்தயப் பட்டியலிலேயே இருக்கிறது. ஜெயித்த டிரைவரின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு நாம் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

1958-ல் இங்கிலாந்தில் மைக் காஸ்டின், கீத் டக்வொர்த் என்ற இருவர் தங்கள் பெயர்களை வெட்டி ஒட்டி காஸ்வொர்த் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். டக்வொர்த் இம்பீரியல் கல்லூரிப் பட்டதாரி. காஸ்டின் டி ஹாவிலண்ட் விமானத் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகத் தொழில் பழகியவர். பட்டம் ஒன்று, பட்டறை ஒன்று. கம்பெனிப் பெயரில் இரண்டுக்கும் சரிபாதி. "டிப்ளமோவா?" என்று முகம் சுளிக்கிற உறவினரிடம் இதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

ஃபோர்டு ஆங்லியா காரின் சாதாரண எஞ்சினைப் பிரித்துச் செதுக்கி ஃபார்முலா ஜூனியர் பந்தயங்களில் பேர் வாங்கினார்கள். பிறகு ஃபோர்டு 1,00,000 பவுண்டு கொடுத்தது. அந்தப் பணத்தில் முதலில் எஃப்.வி.ஏ. என்ற நான்கு சிலிண்டர் எஞ்சின், அதன் வழியில் டி.எஃப்.வி. என்ற 2993 சிசி வி8. 1967 ஜூன் 4, ஹாலந்தின் ஸாண்ட்வோர்ட். லோட்டஸ் 49 காரில் அந்த எஞ்சினுக்கு முதல் பந்தயம். ஜிம் கிளார்க் ஜெயித்தார். அதே எஞ்சினோடு முதல் இடத்திலிருந்து கிளம்பிய கிரஹாம் ஹில், 11 சுற்றிலேயே வண்டியை ஓரங்கட்டினார். டைமிங் கியர் போய்விட்டது.

தம்பி படிக்க வேண்டியது இந்த இரண்டாவது காரைத்தான். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைச் சுழற்றுவது இந்த டைமிங் கியர் தொடர். அதில், முறுக்கு அதிர்வால் கணக்கில் வந்ததைவிடப் பல மடங்கு சுமை ஏறிப் பற்கள் உடைந்தன. பல்லைத் தடியாக்கிப் பார்த்தால் தீருகிற நோய் இல்லை அது. கடைசியில் டக்வொர்த், கியரின் நடுவில் 12 மெல்லிய தண்டுகளை வைத்து, அவை கொஞ்சம் முறுக்கிக்கொடுத்து அதிர்வை வாங்கிக்கொள்கிற மாதிரி ஒரு ஹப் செய்தார். அதற்குச் சில வருஷங்கள் பிடித்தன.

அதன் பிறகு வந்த கணக்கைப் பாருங்கள். 1967 முதல் 1983 வரை அந்த எஞ்சின் குடும்பத்துக்கு ஃபார்முலா ஒன்னில் 155 வெற்றிகள். கடைசியாக ஜெயித்தது 1983-ல் டெட்ராய்ட்டில், மிக்கேலே அல்போரெட்டோ ஓட்டிய டைரெல். டிரைவர் சாம்பியன் பட்டம் 12. 1969-லும் 1973-லும் நடந்த அத்தனை சாம்பியன்ஷிப் பந்தயங்களிலும் ஜெயித்த காரில் இருந்தது இதே எஞ்சின். லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1975, 1980 ஆகிய இரண்டு வருஷங்கள். டர்போ போட்ட தம்பி எஞ்சினான டி.எஃப்.எக்ஸ்., இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை 1978 தொடங்கி 1987 வரை விடாமல் பத்து முறை அள்ளியது.

இன்னொன்றைக் கவனியுங்கள். 1968 முதல் இந்த எஞ்சினைப் பணம் கொடுத்தவர்கள் வாங்க முடிந்தது. ஒரே எஞ்சினை வைத்துக்கொண்டு எதிரெதிர் அணிகள் மோதின. அப்படியானால் வித்தியாசம் எங்கே வந்தது? காரில் வந்தது, டிரைவரிடம் வந்தது. எஞ்சினைப் பிரித்துத் திரும்பச் சேர்த்த கைகளிலும் வந்தது. மெக்லாரன் அணியின் எஞ்சின்களைப் பிரித்துக் கட்டிக்கொடுத்தவர் ஜான் நிக்கல்சன் என்ற நியூசிலாந்துக்காரர். 1974-ல் ஃபிட்டிபால்டியும் 1976-ல் ஜேம்ஸ் ஹண்டும் பட்டம் வென்ற வண்டிகள் அந்த அணியுடையவை. உங்கள் மகன் கேட்கிற வேலை இதுதான். எஞ்சின் வரைவது வேறு தொழில், ஓட்டுவது வேறு தொழில். இவன் கட்டுகிறவன்.

எஞ்சின் ஒன்றே போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2010-ல் கருண் சந்தோக், 2011, 2012-ல் கோவை நரேன் கார்த்திகேயன் என்று நம்மூர்க்காரர்கள் இருவரும் எச்.ஆர்.டி. அணியில் ஓட்டியது காஸ்வொர்த் எஞ்சின் போட்ட கார்தான். அந்த அணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 2010-ல் அதே எஞ்சினோடு வில்லியம்ஸ் 69 புள்ளி எடுத்தது.

சரி, கட்டுகிற வேலை என்றால் என்ன? சித்தப்பா பட்டறையில் நடக்கும் செட் வேலைக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பழைய ஸ்ப்ளெண்டர் எஞ்சின் ஒன்றை வைத்தே காட்டிவிடலாம். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மில்லிமீட்டர் (பட்டறையில் சுருக்கமாக மில்லி). ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 49.5 மில்லி, கொள்ளளவு 97.2 சிசி. உள்ளே வந்த காற்றை பிஸ்டன் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதுதான் கம்ப்ரெஷன். அதை 9-க்கு 1 என்று வைத்தால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் 12.15 சிசி. சிலிண்டரின் மூடியான ஹெட்டின் அடிமுகத்தை அரை மில்லி சீவி ஃபேஸிங் அடித்தால் அதில் ஏறத்தாழ 1 சிசி குறையும், கம்ப்ரெஷன் 9.7 ஆகிவிடும். இத்தனையும் கணக்கில்தான். நிஜத்தில் ஹெட்டைக் கவிழ்த்து, கண்ணாடித் தகட்டால் மூடி, பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு அளந்து பார்க்க வேண்டும்.

பலர் அதோடு நிறுத்திவிடுவார்கள். ஹெட் அரை மில்லி கீழே இறங்கியதால் டைமிங் செயின் அந்த அளவு தளர்ந்து, கேம் சற்றுப் பின்தங்கியிருக்கும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவிலிருந்த இடைவெளியும் சுருங்கியிருக்கும். பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, பதிந்த களிமண்ணை வெட்டி அளக்க வேண்டும். பொதுவாக இன்டேக் பக்கம் 2 மில்லி, எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மில்லி இருந்தால் நிம்மதி. எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீளும். அதனால்தான் அந்தக் கூடுதல். இதை அளக்காமல் மூடிய எஞ்சின் ஸ்டாண்டில் நன்றாகவே ஓடும். நேர் சாலையில் ஆர்.பி.எம். ஏறி வால்வு ஸ்பிரிங் தடுமாறும் அந்த ஒரு நொடியில் வால்வு வளையும்.

பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கின் இரண்டு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: போரை 0.004-ஆல் பெருக்குங்கள். 50 மில்லி போருக்கு 0.20. ரிங்கை சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி வைத்துவிட்டுத்தான் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை நுழைக்க வேண்டும். சாய்ந்த ரிங் பொய் சொல்லும். இடைவெளி குறைந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு சுவரைக் கீறிவிடும். கூடினால் காற்று கீழே கசியும். வழி தப்பினாலும் கூடுதல் பக்கமே தப்பட்டும். கசிவில் கொஞ்சம் பவர் போகும், முட்டலில் எஞ்சினே போகும்.

ஹோனிங் (உட்சுவரைக் கல்லால் தேய்ப்பது) முடிந்த சிலிண்டரைப் பெட்ரோல் ஊற்றித் துடைப்பது நம் பட்டறைகளின் பழைய வழக்கம். பெட்ரோல் எண்ணெயை எடுத்துக்கொண்டு, கல்துகளைக் கீறல்களுக்குள்ளேயே விட்டுவிட்டுப் போகிறது. சுடுதண்ணீரும் சோப்பும் பிரஷும்தான் அதை வெளியே எடுக்கும். உடனே உலர்த்தி, எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் தெரிகிறவரை திரும்பக் கழுவ வேண்டும். அந்தத் துகள் உள்ளே தங்கிப் புது ரிங்கை முதல் ஓட்டத்திலேயே தேய்த்துவிட, அப்புறம் "ரிங் கம்பெனி சரியில்லை" என்று பேச்சு வரும்.

சூட்டையும் சொல்ல வேண்டும். அளவுகளுக்கெல்லாம் அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. தகரக் கூரைப் பட்டறையில் மதியம் 38 டிகிரி. 80 மில்லி அலுமினியப் பிஸ்டன் அந்த 18 டிகிரிக்கு ஏறத்தாழ 0.033 மில்லி பெருக்கும்; வார்ப்பிரும்புப் போர் அதில் பாதிதான் பெருக்கும். வித்தியாசம் 0.017. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே வைக்க வேண்டிய இடைவெளியே 0.04 என்றால், கிட்டத்தட்ட பாதியை வெயில் தின்றுவிட்டது. அதனால்தான் பந்தய எஞ்சின் கட்டும் அறைக்கு ஏ.சி. போடுகிறார்கள். சொகுசுக்காக இல்லை.

வழிக்கு வருகிறேன். பிளஸ் டூவில் கணிதம், அறிவியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மெக்கானிக்கல் டிப்ளமோ, முடிந்தால் அரசு பாலிடெக்னிக். அங்கே கட்டணம் உங்கள் முதல் மாதத் தவணையைவிடக் குறைவு. ஆட்டோமொபைல் பிரிவைவிட மெக்கானிக்கல் நல்லது. மெஷின் ஷாப்பும் அளவியலும் அதில் கூடுதல், வேலைக் கதவுகளும் கூடுதல். முடித்ததும் தரமணியிலுள்ள தென்மண்டல அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம் வழியாக ஒரு வருஷம் அப்ரண்டிஸ். அதில் பெரிய பெயரைத் துரத்தாமல், எஞ்சினை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் செல், பவரை அளக்கும் டைனமோமீட்டர், உதிரிகளை நுட்பமாக அளக்கும் சி.எம்.எம். இயந்திர அறை இருக்கிற இடமாகக் கேட்கச் சொல்லுங்கள். ஓசூர், ஒரகடம், கோவை மூன்றிலும் இப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன.

பி.இ. வேண்டும் என்று தோன்றினால் லேட்டரல் என்ட்ரியில், அதாவது நேரடியாக இரண்டாம் ஆண்டில், அப்போது சேரட்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்க ஒரே கேள்வி போதும்: கல்லூரி மாணவர்களுக்கான ஃபார்முலா பாரத் போட்டிக்கு வண்டி கட்டும் அணி இருக்கிறதா? அங்கே 710 சிசிக்குள் எஞ்சின், எஞ்சின் மூச்சு இழுக்கும் குழாயில் 20 மில்லி விட்டத்துக்கு மேல் போகாத கட்டுப்பாடு. அந்த ஒரு ஓட்டை வழியாக வரும் காற்றை வைத்துப் பவர் எடுக்கப் பழகியவனுக்கு எந்த டெஸ்ட் செல்லிலும் வேலை தெரியும்.

வார இறுதிகளில் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம், அல்லது கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. டிக்கெட் வாங்கிக் கூட்டத்தில் உட்காராமல், ஏதாவது ஒரு சின்ன தனியார் அணியில் டயர் தூக்கவாவது சேர வேண்டும். பந்தயம் முடிந்ததும் ஜெயித்த வண்டியைப் பிரித்து அளப்பார்கள். அதைப் பார்ப்பதே ஒரு பாடம். விதியில் சொன்ன அளவுக்கு ஒரு இம்மி கூடினாலும் கோப்பை போய்விடும்.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் முழுநேரப் பந்தய எஞ்சின் வேலைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். சீசன் வேலை. தொடக்கச் சம்பளம் ஐ.டி.யோடு போட்டி போடாது. மின்வண்டி வந்து எஞ்சின் வேலைகளைக் குறைக்கும், குறைக்கிறது. ஆனால் மைக்ரான் கணக்கில் அளக்கத் தெரிந்தவனை மோட்டார், பம்ப், கியர்பாக்ஸ், விமான உதிரி என்று எந்தத் தொழிலும் எடுத்துக்கொள்ளும். இவன் வாழ்க்கையை நடத்தப்போவது அந்தத் திறமை. பந்தயம் அதன் மேல் வருவது.

மாமாவின் எம்.எஸ்சி.? படிப்பு நல்ல படிப்பு. கட்டணமும் தங்கும் செலவும் சேர்த்து 30 லட்சத்துக்குக் குறையாது. அங்கேயே தொடர்ந்து வேலை பார்ப்பதென்றால், வேலை கொடுப்பவர் விசாவுக்கும் கையெழுத்துப் போட வேண்டும். உதவித்தொகை கிடைத்தாலோ கம்பெனியே அனுப்பினாலோ போகட்டும். வீட்டுப் பத்திரத்தை வைத்துப் போக வேண்டாம்.

ஆசை நிலைக்குமா என்று கேட்டீர்கள். இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் சிலிண்டர், மைக்ரோமீட்டர், போர் கேஜ், ஒரு கோடு போட்ட நோட்டு. மேலே, நடுவே, கீழே மூன்று ஆழம். ஒவ்வொன்றிலும் நேராகவும் குறுக்காகவும் இரண்டு திசை. ஆறு அளவு. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, பதினான்கு நாள். சித்தப்பா பார்க்காமல் தனியாக எடுக்கட்டும். நான்காவது நாளே நோட்டு மூலைக்குப் போனால், அவனுக்குப் பிடித்தது பந்தயச் சத்தம். அதிலும் தப்பில்லை, வேறு படிப்பைப் பேசலாம், அப்போதும் 14 லட்சத்துக்கு இல்லை. மாலை அளவு காலை அளவோடு ஏன் ஒத்துவரவில்லை என்று அவனே யோசித்து, நோட்டில் வெப்பநிலைக்கு என்று ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டிருந்தால், பாலிடெக்னிக் விண்ணப்பத்தின் கடைசித் தேதியைப் பார்த்து வையுங்கள்.