நான்கு முறையா, இரண்டு முறையா? முன்னாள் எம்.எல்.ஏ.வின் தேர்தல் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளிக்கு நூற்றாண்டு விழா வருகிறது. பள்ளிக்கு நிலம் எழுதிவைத்த முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவரைப் பற்றி மலரில் ஒரு பக்கம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நான்கு முறை வென்றவர் என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். பள்ளி வாசலில் உள்ள கல்வெட்டும் அப்படியே சொல்கிறது. இணையத்தில் தேடினால் 1957, 1971 என்று இரண்டு வெற்றிகள்தான் கிடைக்கின்றன. அதிலும் 1957இல் 'சுயேச்சை' என்று இருக்கிறது. அவரோ தொடக்கம் முதலே தி.மு.க.காரர். 1980இல் டெபாசிட்டைப் பறிகொடுத்தார் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் தேர்தல் ஆணையத்தின் முத்திரையோடு சான்றிதழும், அவருடைய சொத்துப் பிரமாணப் பத்திரத்தின் நகலும் வாங்கித் தருவதாக ஒருவர் 8,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? மலரில் எந்த எண்ணைப் போடுவது? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள் ஐயா. மற்றதையெல்லாம் பிறகு பார்க்கலாம்.

அந்த நபர் தருவதாகச் சொல்லும் இரண்டு தாள்களில் ஒன்று உலகத்திலேயே கிடையாது. வேட்பாளர்கள் சொத்து, கடன், கல்வி, வழக்கு விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற நிலை, உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் தந்த தீர்ப்புக்குப் பிறகு வந்தது. தமிழ்நாட்டின் சட்டமன்றப் பொதுத்தேர்தல்களில் 2006தான் அப்படி நடந்த முதல் தேர்தல். உங்கள் பெரியவர் கடைசியாக நின்றது 1980இல். அவர் தாக்கல் செய்யாத பத்திரத்துக்கு நகல் எங்கிருந்து வரும்? யாராவது கொண்டுவந்து கொடுத்தால், அது அவர்கள் வீட்டிலேயே தட்டச்சானது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தாள், அந்தச் சான்றிதழ். ஒருவர் எத்தனை முறை வென்றார் என்று வாழ்நாள் கணக்கு எழுதிக் கையொப்பமிட்டுத் தரும் வழக்கம் எந்தத் தேர்தல் அலுவலகத்திலும் நான் பார்த்ததில்லை. தேர்தல் பிரிவிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஒரு விழாக் குழுவினர் இதுபோன்ற 'சான்றிதழ்' ஒன்றைப் பெருமையோடு கொண்டுவந்து காட்டினார்கள். ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கக்கூடிய அறிக்கையின் இரண்டு பக்கங்களை அச்செடுத்து, கீழே ஊதா மையில் வட்ட முத்திரை ஒன்று குத்தியிருந்தார்கள். முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், அது ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் முத்திரை. அதற்கு அவர்கள் கொடுத்த தொகையைக் கேட்டு எனக்கே வயிறு எரிந்தது.

சரி, கணக்குக்கு வருவோம்.

இந்தியத் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை வெளியிட்டிருக்கிறது. முதல் தேர்தலில் தொடங்கி எல்லாம் அதன் இணையதளத்தில் இருக்கின்றன. மாநிலம், ஆண்டு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்துத் தரவிறக்கினால், தொகுதிவாரியாக வேட்பாளர் பெயர், கட்சி, வாங்கிய வாக்கு, சதவீதம் என்று வரிசையாக இருக்கும். காசு கிடையாது, மனு கிடையாது. ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ்நாட்டின் தேர்தல் வரலாற்றைத் தமிழில் படிக்கத் தமிழனுக்கு வழியில்லை. ஒரு உறுப்பினரின் பெயரைத் தட்டினால் அவர் நின்ற தேர்தல்கள் அத்தனையும் ஒரே பக்கத்தில் வந்து விழும்படி செய்ய என்ன பெரிய விஞ்ஞானம் வேண்டும்? இருக்கிற இணையதளத்தின் முகவரியையும் அமைப்பையும் மாற்றுவதில் காட்டும் சுறுசுறுப்பை இதில் காட்டியிருக்கலாம்.

பெயரைத் தேடு பெட்டியில் போட்டு, "வரவில்லையே" என்று விட்டுவிடாதீர்கள். ஒரே மனிதரின் பெயரில் ஒரு தேர்தலில் ஆங்கில 'எச்' இருக்கும், அடுத்த தேர்தலில் இருக்காது; தலைப்பெழுத்து முன்னால் இருந்தது பின்னால் போயிருக்கும்; சாதிப் பட்டம் ஒன்றில் இருந்து இன்னொன்றில் உதிர்ந்திருக்கும். தொகுதியின் பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து வரி வரியாகப் படிப்பதே வழி. அதே பெயரில் வேறு ஆள் நிற்பதும் உண்டு. 2024 மக்களவைத் தேர்தலில் இராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் நின்றபோது, அதே தலைப்பெழுத்தோடு இன்னும் சில பன்னீர்செல்வங்கள் களத்தில் இருந்தது நினைவிருக்கலாம்.

தொகுதியின் பெயரும் நிலையானதல்ல. எம்.ஜி.ஆர். 1967இல் வென்ற பரங்கிமலைத் தொகுதியை 1977 பட்டியலில் தேடினால் கிடைக்காது, ஆலந்தூர் வந்துவிட்டது. கருணாநிதி மூன்று முறை வென்ற சேப்பாக்கம் 2011 முதல் சேப்பாக்கம்–திருவல்லிக்கேணி. உங்கள் ஊர் 1957இல் எந்தத் தொகுதியில் இருந்தது, 1971இல் எதில் இருந்தது, 1980இல் எதில் இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய வாக்காளர் ஒருவர் போதும்.

இனி, உங்கள் முக்கியக் குழப்பம்: 'சுயேச்சை'. இதில் இணையம் சொல்வதும் சரி, குடும்பம் சொல்வதும் சரி.

1957 தேர்தல்தான் தி.மு.க. முதன்முதலாகக் களம் இறங்கிய பொதுத்தேர்தல். அப்போது அதற்கு ஆணையத்தின் அங்கீகாரம் இல்லை. 15 பேர் வென்று சட்டமன்றத்துக்குப் போனார்கள். காஞ்சிபுரத்தில் அண்ணா, குளித்தலையில் கருணாநிதி உட்பட. ஆணையத்தின் ஏட்டில் அத்தனை பேரும் சுயேச்சைகள். அண்ணாவையே சுயேச்சை என்று எழுதிவைத்திருக்கிற ஏடு, உங்கள் பெரியவரை மட்டும் எப்படித் தி.மு.க. என்று எழுதும்? எதிர்த்தரப்பார் இதைக் காட்டி "அவர் அப்போது கட்சியிலேயே இல்லை" என்று சொன்னால் இதையே பதிலாகச் சொல்லுங்கள். அதற்காக 1957இல் நின்ற சுயேச்சைகள் எல்லாம் தி.மு.க.வினர் என்று எண்ணிவிடவும் கூடாது. உண்மையிலேயே கட்சி இல்லாமல் தம் செல்வாக்கில் வென்றவர்களும் அந்தப் பட்டியலில் கலந்திருக்கிறார்கள். ஆகவே 1957 தேர்தலுக்குப் பிந்தைய சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளிலோ அந்தக் காலத்துப் பத்திரிகையிலோ அவர் கழக உறுப்பினராகப் பேசியதற்கு ஒரு சான்று எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. பேரவை நடவடிக்கைக் குறிப்புகளைப் பேரவை நூலகத்தில் பார்க்கலாம்.

இந்தக் 'கட்சி' என்ற கட்டம் இருக்கிறதே, அதைப் போல ஆளை ஏமாற்றும் கட்டம் வேறில்லை. 1989 தேர்தலுக்கு முன்பே அ.தி.மு.க. இரண்டாகப் பிரிந்து, இரட்டை இலை முடங்கி, அந்தத் தேர்தலில் ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. இரண்டு அணிகளும் ஆணையத்தின் ஏட்டில் தனித்தனிக் கட்சிகளாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "இவர் கட்சி மாறியவர்" என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும். 2021இல் இதற்கு நேர்மாறு. ம.தி.மு.க.வின் 6 வேட்பாளர்களும் உதயசூரியனில் நின்றார்கள், 4 பேர் வென்றார்கள். திருச்செங்கோட்டில் ஈஸ்வரனும் பண்ருட்டியில் வேல்முருகனும் தனித்தனிக் கட்சிகளின் தலைவர்கள், ஆனால் வென்றது உதயசூரியனில். ஏட்டில் இவர்கள் எல்லோரும் தி.மு.க. ஊரில் ஒரு கொடி, ஏட்டில் ஒரு கட்சி. அந்தக் கட்டத்தில் உள்ளதை அவர் நின்ற சின்னத்தின் கணக்கு என்று படியுங்கள், போதும்.

அடுத்து, நான்கு எப்படி இரண்டானது? உங்கள் பெரியவரின் கோப்பை நான் பார்க்கவில்லை; ஆனால் இப்படிப்பட்ட நான்குகளைப் பிரித்துப் பார்த்த அனுபவம் உண்டு.

முதலில் இடைத்தேர்தல். பொதுத்தேர்தல் அறிக்கையில் இடைத்தேர்தல் இருக்காது. காமராசர் முதல்வரான பின் 1954இல் குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்றார். அந்த வெற்றி 1952 அறிக்கையிலும் வராது, 1957 அறிக்கையிலும் வராது. அவருக்கே இந்த கதி. உங்கள் தொகுதியில் 1957க்கும் 1980க்கும் இடையில் யாராவது பதவியில் இருக்கும்போது இறந்தாரா, விலகினாரா என்று பாருங்கள்.

அடுத்து, மேலவை. தமிழ்நாட்டில் 1986 வரை சட்ட மேலவை இருந்தது. அதன் உறுப்பினர் எம்.எல்.சி. உள்ளாட்சி உறுப்பினர்கள், பட்டதாரிகள், ஆசிரியர்கள், எம்.எல்.ஏ.க்கள் என்று வெவ்வேறு கூட்டத்தார் தேர்ந்தெடுப்பார்கள். சிலரை ஆளுநர் நியமிப்பார். 1967இல் முதல்வரான அண்ணாவே மேலவை வழியாகத்தான் உள்ளே வந்தார். அந்தத் தேர்தலில் அவர் வென்றிருந்தது தென்சென்னை மக்களவைத் தொகுதியை. ஊர்க் கல்வெட்டுகளில் எம்.எல்.சி. எல்லாம் எம்.எல்.ஏ. ஆகிவிடும். உளி பிடித்தவருக்கு இரண்டும் ஒன்றுதான். அதோடு ஊராட்சி ஒன்றியப் பெருந்தலைவர் பதவியையும் சேர்த்து 'நான்கு முறை மக்கள் பிரதிநிதி' என்று யாரோ மேடையில் பேசியிருப்பார்கள். பிறகு 'மக்கள் பிரதிநிதி' உதிர்ந்து 'எம்.எல்.ஏ.' ஒட்டிக்கொண்டிருக்கும்.

1957இல் இன்னொரு சங்கதி. அப்போது 205 உறுப்பினர்களுக்கு 167 தொகுதிகள்தான்; 38 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். உங்களுடையது அப்படிப்பட்டது என்றால் வென்றவர்கள் இருவர். இணையப் பட்டியல்கள் சில, ஒருவரை மட்டும் போட்டுவிட்டு மற்றவரை விழுங்கிவிடுகின்றன.

டெபாசிட் விஷயம் எளிது. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். செல்லத்தக்கவை 60,000 என்றால் ஆறில் ஒன்று 10,000. சரியாக 10,000 வாங்கினால் பணம் போய்விடும். 10,001 வாங்கினால் திரும்பும். வாக்குச்சீட்டுக் காலத்தில் செல்லாத வாக்குகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றைக் கழிக்காமல் மொத்தத்தை ஆறால் வகுத்துவிட்டு ஊரெல்லாம் "டெபாசிட் போச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. 1980 அறிக்கையில் உங்கள் தொகுதிப் பக்கத்தை எடுத்து நீங்களே வகுத்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. போயிருந்தாலும் அப்போது பொதுத் தொகுதியில் டெபாசிட் 250 ரூபாய்தான். அந்த 250 ரூபாய்தான் 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேரைக் களத்தில் இறக்கியது. வாக்குச்சீட்டைப் புத்தகம்போல அச்சடிக்க வேண்டியதாயிற்று. அதன்பின் தொகையை உயர்த்தினார்கள்; இன்று 10,000, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 5,000.

பள்ளி மலரில் டெபாசிட் கணக்கு எழுத வேண்டிய அவசியம் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் 'தோல்வியே காணாதவர்' என்று குடும்பத்தார் எழுதிக் கொடுத்தால் போடாதீர்கள்.

முத்திரையோடு ஒரு தாள் வேண்டும் என்று விழாக் குழு பிடிவாதம் பிடித்தால், அதற்கும் நேர்வழி இருக்கிறது. தேர்தல் முடிவுகள் அரசிதழில் வெளியாகும், இடைத்தேர்தல் உட்பட. பழைய அரசிதழ்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மேலவை விவரத்துக்குப் பேரவைச் செயலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்: 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (ஸ்டாம்ப்), ஒரு பக்கத் தாள். "இன்ன பெயருடையவர், இன்ன ஊர், 1957 முதல் 1986 வரை பேரவையிலோ மேலவையிலோ உறுப்பினராக இருந்த காலங்கள்" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். எதற்கு என்று காரணம் எழுத வேண்டாம். சட்டம் கேட்கச் சொல்லவில்லை. ஆனாலும் கேட்பார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். 'கோப்பு இல்லை' என்று ஒரு வரிப் பதில் வந்தால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். முதல் மனுவுக்குத் தொலைந்த கோப்பு மேல்முறையீட்டில் கிடைத்த அதிசயங்களை நானே பார்த்திருக்கிறேன்.

அதற்கு முன் அந்தக் குடும்பத்தாரின் பழைய பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வென்றவருக்குத் தேர்தல் நடத்தும் அலுவலர் கையொப்பமிட்டுத் தரும் வெற்றிச் சான்றிதழ் ஒன்று உண்டு; 1961ஆம் ஆண்டு விதிகளில் அது படிவம் 22. பெரும்பாலும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள், அல்லது நிலப் பத்திரங்களோடு மடித்து வைத்திருப்பார்கள். எத்தனை சான்றிதழ் கிடைக்கிறது என்று எண்ணுங்கள். உங்கள் பள்ளி நிலத்தின் தான பத்திரமும் அந்தப் பெட்டியிலேயே இருக்கக்கூடும். அதில் அவர் தம்மை எப்படிக் குறிப்பிட்டிருக்கிறார் என்றும் பாருங்கள், எம்.எல்.ஏ. என்றா, எம்.எல்.சி. என்றா என்று.