வாலிபர்களைச் சபையின் அடுத்த தலைவர்களாக உருவாக்குவது எப்படி?

"எங்கள் சபைக் கமிட்டியில் நாற்பது வயதுக்குட்பட்டவர் ஒருவர்கூட இல்லை; வாலிபர்களைப் பொறுப்புக்கு ஆயத்தப்படுத்த மூத்தவர்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமச் சபையொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓய்வுநாள் பாடசாலை நடத்துகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தலைமைத்துவ முகாம்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மூன்று நாள் முகாமில் சான்றிதழ் வாங்கி வருகிற பிள்ளைக்குச் சபையில் நாற்காலி எடுத்துப் போடும் வேலை மட்டுமே காத்திருக்குமானால், அந்த முகாமுக்குச் செலவழித்த பணம் வீண்தான்.

வேதாகமத்திலிருந்து இதற்கு மோசேயையும் யோசுவாவையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். எனக்கு ஆதித் திருச்சபையின் ஊழியரான பர்னபாதான் நெருக்கமானவர். முன்பு சபையைத் துன்பப்படுத்திய சவுலை (பின்னாளில் பவுல் எனப்பட்டவர்) கண்டு எருசலேமிலிருந்த சீஷர்கள் பயந்து ஒதுங்கியபோது அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துச் சென்றவரும், பின்பு தர்சுவரைக்கும் தேடிப்போய் அந்தியோகியாவுக்குக் கூட்டிவந்து ஒரு வருஷம் கூடவே இருந்து ஊழியம் செய்தவரும் அவரே. அப்போஸ்தலர் 13-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பர்னபாவின் பெயர் முன்னும் சவுலின் பெயர் பின்னுமாக இருக்கிறது; அந்த அதிகாரம் முடிவதற்குள் 'பவுலும் பர்னபாவும்' என்று வரிசை மாறிவிடுகிறது. அதற்காகப் பர்னபா முகம் சுளித்ததாக ஒரு வரிகூட இல்லை. நம் கமிட்டிகளில் நோட்டீசில் பெயர் ஓர் இடம் கீழே இறங்கினாலே என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

நம் ஊரிலேயே இன்னொரு சான்று உண்டு. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா, 1912-இல் தோர்ணக்கல் பேராயராக, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றபோது அவருக்கு வயது 38. இந்தியர் ஒருவருக்கு அந்தப் பொறுப்பா என்று பலர் தயங்கிய காலத்தில், சென்னைப் பேராயராயிருந்த ஹென்றி ஒயிட்ஹெட் அவருக்காக விடாமல் வாதாடினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், மிஷனெரிமார் செய்த தியாகங்களையெல்லாம் நன்றியோடு ஒப்புக்கொண்ட அசரியா, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றுதான் கேட்டார். மேற்பார்வை பார்க்க ஆள் இருந்தார்கள். சரிசமமாக உட்கார்ந்து பேச ஆள் இல்லை என்பதே அவருடைய குறை. நம் வாலிபர்களுடைய குறையும் இன்றைக்கு அதுதான் என்று நினைக்கிறேன்.

இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபை அசனத்துக்கு, அதாவது எல்லோரும் கூடிச் சாப்பிடும் சபை விருந்துக்கு, காய்கறி வாங்கும் பொறுப்பைக் கல்லூரி முடித்த ஒரு தங்கையிடம் கொடுத்தோம். அவர் இரண்டு கடைகளில் விலை விசாரித்து, கிலோக் கணக்கு எழுதி வைத்திருந்தார். நானோ மனம் பொறுக்காமல், விடியற்காலையிலேயே சந்தைக்குப் போய் எனக்குப் பழகிய வியாபாரியிடம் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கி இறக்கிவிட்டேன். கிலோவுக்கு இரண்டு ரூபாய் மிச்சம் என்று பெருமையாகச் சொன்னபோது அந்தப் பெண், "அண்ணே, நீங்களே வாங்கிருவீங்கன்னா என்னை எதுக்கு லிஸ்ட் போடச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் அவர் எந்தப் பொறுப்பையும் ஏற்கவில்லை. நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் திரும்பி வந்தார்.

ஆகவே, உங்கள் கமிட்டி ஒரு வாலிபரிடம் ஒரு வேலையைக் கொடுத்தால், அதற்கான பணத்தையும் முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்தே கொடுக்கட்டும். கணக்குத் தவறினால் சபைக்கு முன் அவரைத் தனியாக நிற்க வைக்காமல் நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.

இந்த ஆண்டு அசனத்தின் முழுப் பொறுப்பும் அந்தத் தங்கையிடம்தான் இருந்தது. என்னை வெங்காயம் உரிக்கிறவர்களோடு உட்கார வைத்துவிட்டு, அரிசி எடை போடும் இடத்தில் பிளஸ் ஒன் படிக்கும் பையன் ஒருவனிடம் நோட்டைக் கொடுத்து நிறுத்தியிருந்தார்.