தண்ணீர்ப் பந்தல் பட்டியல் ‘நல்’ (null) ஆக வந்தால் சுழற்சி ஏன் நிற்கிறது?

வணக்கம். பினாங்குத் தைப்பூசத் தொண்டர்களுக்காக நீங்கள் ஜாவாவில் எழுதிய நிரல், எவருமே பதிவு செய்யாத தண்ணீர்ப் பந்தலுக்கு வரும்போது ‘நல்பாயிண்டர்எக்செப்ஷன்’ காட்டி நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். காலிப் பட்டியலாக இருந்தால், பெயர்களை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார் சுழற்சி ஒருமுறைகூட ஓடாமல் கடந்துவிடும். ஆனால் பட்டியலைத் தரும் உங்கள் மெத்தட் (பெயரிட்டு அழைக்கும் நிரல் பகுதி) அங்கே ‘நல்’ மதிப்பை, அதாவது பட்டியலே இல்லை என்பதைத் தருகிறது, சுழற்சியோ முதல் வேலையாகப் பட்டியலின் உறுப்புகளை வரிசையாக எடுக்க உதவும் ‘இட்டரேட்டர்’ மெத்தடை அழைப்பதால், அழைப்பதற்கு ஆப்ஜெக்ட் இல்லாமல் அந்த வரியிலேயே பிழை எழுகிறது.

ஒவ்வொரு சுழற்சிக்கு முன்பும் ‘இஃப்’ வைத்துச் சோதிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓரிடத்தில் மறந்தாலும் விழா நாளன்று அதே பிழை திரும்பும். பட்டியலைத் தரும் மெத்தடையே திருத்தி, தொண்டர் இல்லாதபோது ‘கலெக்ஷன்ஸ்.எம்ப்டிலிஸ்ட்’ என்னும் மாற்ற முடியாத காலிப் பட்டியலைத் தரச் செய்யுங்கள். அதில் பின்னர் பெயர் சேர்க்க முயன்றால் வேறொரு பிழை வரும் என்பதால், சேர்க்கும் தேவை இருந்தால் மாற்றக்கூடிய பட்டியலான புதிய ‘அரேலிஸ்ட்’ ஒன்றைத் தாருங்கள். மெத்தட் பிறருடைய நூலகத்தில் இருந்தால் மட்டும், ஜாவா 9 முதல் உள்ள ‘ஆப்ஜெக்ட்ஸ்.ரிக்வயர்நான்நல்எல்ஸ்’ கொண்டு, பெறும் இடத்திலேயே ‘நல்’ மதிப்பைக் காலிப் பட்டியலாக மாற்றிக்கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, தரவுத்தளத்தைப் படிக்க இயலாமல் போனதால்தான் ‘நல்’ வருகிறதா என்று தயவுசெய்து பாருங்கள். அப்படியானால் காலிப் பட்டியலால் அதை மறைக்காமல், பிழையை வெளிப்படையாகவே எழுப்ப வேண்டும்.