பி.டி. மாஸ்டரிடம் கேளுங்கள்: டூட்டி சந்த் முதல் ஜேக் டேனியல்ஸ் வரை

இருபத்தெட்டு வருடம் வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓடுகிறவர்களையும் ஆடுகிறவர்களையும் பற்றிப் படிப்பதுதான் இப்போது முழுநேர வேலை. ஒரு பெண்ணோடு வாழ விரும்புவதாக வெளிப்படையாகச் சொன்ன ஓட்டக்காரி டூட்டி சந்த் பற்றிப் போன வாரம் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகள் எழுபதைத் தாண்டிவிட்டன, அதில் பாதி ஒரே கேள்வி. முடிந்தவரை பதில் சொல்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. "இன்னார் அப்படியாமே, நிஜமா?" என்று பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். தன் வாயால் சொன்னவர்களைப் பற்றி மட்டும்தான் பேசுவேன்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: சார், டூட்டி சந்த் சொன்னபோது ஊர் எப்படி எடுத்துக்கொண்டது?

எந்த ஊர் என்று கேட்க வேண்டும் தம்பி. டெல்லி, மும்பை பத்திரிகைகள் கொண்டாடின. சொந்த ஊர் கொண்டாடவில்லை.

ஒடிசாவில் ஜாஜ்பூர் மாவட்டம், சாக்கா கோபால்பூர். நெசவாளர் குடும்பம். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வாங்கிய பெண். அதே வருடம் செப்டம்பர் 6-ல் ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவின் பல்லை உச்ச நீதிமன்றம் பிடுங்கியது. எட்டு மாதம் கழித்து, 2019 மே மாதம், தன் ஊர்ப் பெண் ஒருத்தியோடு வாழ விரும்புவதாக டூட்டி வெளிப்படையாகச் சொன்னார். ஆடிக்கொண்டிருக்கும்போதே அப்படிச் சொன்ன முதல் இந்திய வீராங்கனை. சும்மா ஆசைப்பட்டுச் சொல்லவில்லை. சொந்த அக்காவே மிரட்டியதால்தான் சொல்ல வேண்டி வந்தது என்று அவரே சொன்னார். அம்மா ஏற்கவில்லை. நெசவாளர் சமூகத்துக்கே தலைகுனிவு என்று ஊரில் பேச்சு.

நம் குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் தெருவை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் தறிச் சத்தம் நின்றால் ஏன் நின்றது என்று பத்து வீடு தள்ளிக் கேட்பார்கள். அப்படி ஒரு தெருவில்தான் அவர் அம்மா மறுநாள் காலையில் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும். கைதட்டியவர்கள் யாரும் அந்தத் தெருவில் குடியிருக்கவில்லை.

இரண்டே மாதத்தில் இத்தாலி நேப்பிள்ஸ் நகரில் உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் 100 மீட்டரை 11.32 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். பின்னால், 2023-ல் ஊக்கமருந்து விவகாரத்தில் நான்கு வருடத் தடை வந்தது. அது தனிக் கணக்கு. "எனக்கு அப்பவே தெரியும்" என்று இரண்டையும் முடிச்சுப் போட்டு எழுதியவர்கள், தடை வாங்கிய மற்ற ஓட்டக்காரர்களின் காதலைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறார்களா?

பேரணாம்பட்டு: நம்ம சாந்தி கேஸும் இதுதானே மாஸ்டர்?

இல்லை. இதே கேள்வி பதினோரு பேரிடமிருந்து வந்திருக்கிறது, அதனால் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்திரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். அது உடம்பு பற்றிய வழக்கு. யாரை விரும்புகிறார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

குழப்பம் ஏன் வருகிறது என்றால், டூட்டிக்கு இரண்டுமே நடந்தது. உடம்பில் ஆண் ஹார்மோன் அதிகம் என்று 2014-ல் காமன்வெல்த் போட்டிக்குப் போகவிடாமல் நிறுத்தினார்கள். அவர் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய் 2015-ல் அந்த விதியையே நிறுத்தி வைக்க வைத்தார். முதல் சண்டை ரத்தம் பற்றியது, இரண்டாவது மனசு பற்றியது. தயவுசெய்து சேர்த்து அரைக்காதீர்கள்.

ஆற்காடு: கிரிக்கெட்ல மட்டும் ஏன் சார் யாருமே இல்ல?

இருக்கிறார்கள். இங்கிலாந்து விக்கெட் கீப்பர் ஸ்டீவன் டேவிஸ் 2011 பிப்ரவரியில் சொன்னார். அதற்கு முந்தைய ஆஷஸ் பயணத்துக்குப் போகும்போதே அணியில் எல்லோருக்கும் தெரியும். ஒன்றும் நடக்கவில்லை, பேட் கட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போனார்கள். நியூசிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஹீத் டேவிஸ் 2022-ல் சொன்னார், ஆடி முடித்துப் பல வருடம் கழித்து. பெண்கள் கிரிக்கெட் எப்போதோ தாண்டிப் போய்விட்டது. தென்னாப்பிரிக்காவின் டேன் வான் நீகெர்க், மரிசான் காப் இருவரும் 2018-ல் கல்யாணம் செய்துகொண்டு ஒரே அணியில் ஆடினார்கள். இங்கிலாந்தின் நாட் சைவர், கேத்தரின் பிரன்ட் 2022-ல் கல்யாணம் செய்துகொண்டார்கள். நாட் இன்று நாட் சைவர்-பிரன்ட் என்ற பெயரிலேயே ஆடுகிறார். ஸ்கோர்போர்டில் பெயர் நீளமாகிவிட்டது, மற்றபடி வானம் இடிந்து விழவில்லை.

எனக்குப் பிடித்த சம்பவம் 2019 செயின்ட் லூசியா டெஸ்ட். வெஸ்ட் இண்டீஸின் ஷானன் கேப்ரியல் ஏதோ சொல்ல, ஜோ ரூட் அவரிடம் "அதை வசவாகப் பயன்படுத்தாதே, அப்படி இருப்பதில் தப்பே இல்லை" என்கிற மாதிரி பதில் சொன்னது ஸ்டம்ப் மைக்கில் பதிவானது. கேப்ரியலுக்கு நான்கு ஒருநாள் போட்டிகளில் ஆடத் தடை. ரூட் எந்த மேடையிலும் பேசவில்லை, பந்து வீசுவதற்கு நடுவில் சொன்ன ஒரு வரி அது.

விருதம்பட்டு: இந்திய டீம்ல அந்த ஸ்பின்னர்...

பெயர் கேட்காதீர்கள் என்றேனே. ஒரு கதை சொல்கிறேன். 2019-ல் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஃபால்க்னர் அம்மாவோடும் நண்பரோடும் சாப்பிடும் படத்தைப் போட்டு, நண்பரை விளையாட்டாக "பாய்ஃபிரண்ட்" என்று எழுதினார். உலகமே வாழ்த்தித் தள்ளியது. அவர் மறுநாள் "ஐயா, அவர் என்னோடு வீட்டில் தங்கும் நண்பர்" என்று விளக்க வேண்டியதாயிற்று. வாழ்த்துகிறவர்களுக்கும் அவசரம், வம்பு பேசுகிறவர்களுக்கும் அவசரம். அவர்களாகச் சொல்லும்வரை நமக்கு வேலை இல்லை.

ஆம்பூர், ஷூ கம்பெனி ஊழியர்: இப்படி சொன்னா ஸ்பான்சர்லாம் போயிடாதா சார்? நாங்க தைக்கிற ஷூவுக்கு ஆர்டர் எதனால வருது, எதனால போவுதுன்னு எங்களுக்கு ஒரு கண்ணு.

நல்ல கேள்வி. போனதும் உண்டு, வந்ததும் உண்டு. டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் 1981-ல் தானாகச் சொல்லவில்லை, ஒரு வழக்கால் வெளியே வந்தது. ஒரே நாளில் விளம்பர ஒப்பந்தங்கள் எல்லாம் போயின. நாற்பது வருடம் கழித்து, அதே அமெரிக்காவில், 2021-ல் அமெரிக்கக் கால்பந்து வீரர் கார்ல் நாசிப் சொன்னார். அவர் பெயர் போட்ட ஜெர்சி விற்பனையில் முதலிடத்துக்குப் போனது. அதற்கு முன் 2014-ல் கூடைப்பந்து வீரர் ஜேசன் காலின்ஸ் ஜெர்சியும் அப்படித்தான். அவர் 98-ம் எண் போட்டது 1998-ல் அடித்துக் கொல்லப்பட்ட மேத்யூ ஷெப்பர்ட் என்ற மாணவர் நினைவாக.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பணம் போகும் பக்கம்தான் தைரியமும் போகும். 2022 கத்தார் உலகக் கோப்பையில் வானவில் நிறப் பட்டையைக் கையில் கட்டுவோம் என்று ஏழு ஐரோப்பிய அணிகள் வீரம் பேசின. மஞ்சள் அட்டை காட்டுவோம் என்று ஃபிஃபா சொன்னதும் ஏழும் பட்டையைக் கழற்றிப் பெட்டியில் வைத்தன.

வாலாஜா, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்: "ஓரினச்சேர்க்கை" என்ற சொல் வழக்கில் இருக்க, "தன்பாலீர்ப்பு" என்று நீங்கள் போன வாரம் எழுதியது ஏன்? சொல்லை மாற்றினால் பொருள் மாறிவிடுமா?

ஐயா, சேர்க்கை என்பது செயல். ஈர்ப்பு என்பது இயல்பு. ஒருத்தியோடு வாழ ஆசை என்று ஒரு பெண் சொன்னால், நாம் ஏன் படுக்கையறைக் கதவைத் தட்ட வேண்டும்? அப்புறம், ஓரினம் என்றால் மனித இனம். அந்தக் கணக்கில் ஊரில் நடக்கும் எல்லாக் கல்யாணமும் ஓரினச்சேர்க்கைதான்.

வாலாஜா, மீண்டும்: நகைச்சுவை நன்று. ஆனால் ஈர்ப்பு என்றதும் புவியீர்ப்பு விசை அல்லவா நினைவுக்கு வருகிறது?

அதுவும் நல்லதுதான் ஐயா. யோசித்து முடிவெடுத்து யாரும் மரத்திலிருந்து கீழ்நோக்கி விழுவதில்லை.

ராணிப்பேட்டை: தமிழய்யா சொல்றது சரி. பேரை மாத்தி மாத்தி வெச்சா போதுமா? அரசாங்கமே கெஜட்ல போட்டாலும் ஜனங்க பேசறதத்தான் பேசுவாங்க.

போட்டுவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-ல் தமிழ்நாடு அரசு மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஆனால் உங்கள் வாதத்தில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மைதானத்தில் ஓடுவது வேறு அகராதி.

கோ-கோ ஆட்டத்தில் களத்தில் இறங்குவது ஒன்பது பேர். மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் பனியன் பிரித்துக் கொடுப்பேன். மூட்டையைப் பிரித்ததும் பையன்கள் பாய்ந்து எடுப்பார்கள், கடைசியில் தரையில் ஒரே ஒரு பனியன் கிடக்கும். முதுகில் 9. ஏன் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். திருநங்கைகளையும், நடையில் கொஞ்சம் நளினம் உள்ள பையன்களையும் நம் ஊர் கூப்பிடும் எண் அது. அணியிலேயே சின்னப் பையன் தலையில் அதைக் கட்டுவார்கள். நானும் சும்மா இருந்ததில்லை. டைவ் அடிக்கப் பயந்த பையனைப் பார்த்து, "டேய், உனக்குத்தான்டா அந்த நம்பர்" என்று கத்தியிருக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான். அடுத்த வாரம் அவன் பயிற்சிக்கு வரவில்லை. காலில் சுளுக்கு என்றான். அந்த வருடம் முழுக்கச் சுளுக்கு.

வாலாஜா, மூன்றாம் முறை: இதற்கு நான் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் எண்ணைக் கூப்பிட்டால் வகுப்பே சிரிக்கும். அதனால் "எட்டுக்கு அடுத்தவன்" என்று கூப்பிடுவேன். அதற்கும் சிரித்தார்கள். சொல் பற்றிய என் வாதத்தை அப்படியே வைத்திருக்கிறேன். ஆனால் எதைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று புரிகிறது.

நாம் இருவரும் ஒரே பள்ளியில்தான் வேலை பார்த்திருக்கிறோம் போலிருக்கிறது ஐயா.

சத்துவாச்சாரி: பளு தூக்கக் கத்துக்க எங்க போகணும்?

இன்றைய பேச்சு அதில்லை. காலை ஆறு மணிக்கு உங்கள் ஏரியாவிலேயே நடந்து பாருங்கள். கம்பி தரையில் விழும் சத்தம் வழி சொல்லும்.

குடியாத்தம், ஒரு தாய்: என் பொண்ணு கபடி ஆடறா. கூட ஆடற பொண்ணு மேல ஆசைன்னு என்கிட்டயே சொல்லிட்டா. வெளையாட்டுக்கு அனுப்பினதாலதான் இப்படியா? டாக்டர்கிட்ட காட்டலாமா?

அம்மா, கபடி ஆடினால் முட்டி தேயும். இது அதனால் வருவதில்லை. ஆடாத எத்தனையோ பெண்களுக்கும் அந்த மனசு உண்டு. ஒரு வித்தியாசம்தான், உங்கள் மகள் உங்களை நம்பிச் சொல்லியிருக்கிறாள்.

டாக்டர் விஷயம் என் துறை இல்லை. ஆனால் ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். "மாற்றித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அந்த மாதிரி சிகிச்சை கூடாது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைச் செய்வது தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022-ல் அறிவித்தது. மனநல மருத்துவரிடம் போவதானால் உங்கள் தூக்கத்துக்காகப் போங்கள், அவளை மாற்றுவதற்காக வேண்டாம். சொந்தக்காரர்கள் "வீட்டில் பூட்டி வை" என்பார்கள். அதையும் செய்யாதீர்கள். 2025 மே மாதம் நம் வேலூர் மாவட்டக் காவல்துறை எதிர்தரப்பாக இருந்த ஆட்கொணர்வு வழக்கில், 25 வயதுப் பெண்ணை விருப்பத்துக்கு மாறாக வீட்டார் தடுத்து வைக்கக் கூடாது, தான் விரும்பியவரோடு போகலாம் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கல்யாணம் மட்டும்தான் குடும்பம் என்றில்லை என்றும் சொன்னது.

கபடியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

திருப்பத்தூர்: அந்த பவுலர் பத்தி கேள்விப்பட்டீங்களா?

இல்லை.

வேலூர் கோட்டைப் பக்கம்: கால்பந்து உலகம் முன்னேறிவிட்டதாகச் சொல்கிறார்களே?

மெதுவாக. ஜஸ்டின் ஃபஷானு 1981-ல் பத்து லட்சம் பவுண்டுக்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்குப் போனார். அந்த விலைக்குப் போன முதல் கறுப்பின வீரர். 1990-ல் ஒரு செய்தித்தாள் மூலம் சொன்னார். கூடப்பிறந்த தம்பி ஜானே பகிரங்கமாக ஒதுக்கிவைத்தார், அவரும் கால்பந்து வீரர். ஜஸ்டின் 1998-ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு பிரிட்டனில் ஆடிக்கொண்டிருக்கும்போதே சொல்ல இன்னொரு ஆண் தொழில்முறை கால்பந்து வீரர் வர 2022 மே ஆயிற்று. பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ், வயது 17. ஆஸ்திரேலியாவின் ஜோஷ் கவாலோ 2021-ல் சொன்னபோது பெரிய பெரிய கிளப்புகள் வாழ்த்தின. மூன்று மாதத்தில் மெல்போர்னில் ஆடும்போது கேலரியிலிருந்து வசவு விழுந்தது. வாழ்த்து போனில் வருகிறது, வசவு பத்தடி தூரத்திலிருந்து வருகிறது.

ஊர் வேண்டாம்: நான் ஒரு டீம்ல இருக்கேன் சார். சொல்லலாமா?

தம்பி, யாரோ இங்கிலாந்தில் சொன்னார் என்பதற்காக நீ சொல்ல வேண்டியதில்லை. சொல்லாவிட்டால் கோழை என்றும் இல்லை. வீட்டில் சாப்பாடு யார் கையில், படிப்புக்கு யார் பணம் கட்டுகிறார், அதை முதலில் பார். நம்பும் ஒருவரிடம் மட்டும் ஆரம்பிக்கலாம். ஜேக் டேனியல்ஸ் அம்மாவிடமும் சகோதரியிடமும் சொன்ன மறுநாள் ஒரு மேட்ச். நாலு கோல் போட்டான்.

ஆற்காடு: மாஸ்டர், அந்த சுளுக்குப் பையன் அப்புறம் வந்தானா?

வரவில்லை. நான் ஓய்வு பெறும்போது விளையாட்டு அறைச் சாவியைப் புது மாஸ்டரிடம் கொடுத்தேன். அலமாரியில் ஆறு செட் பனியன் இருந்தது. எல்லாம் வியர்வையில் நிறம் போய், கழுத்து நைந்து கிடந்தன. ஒவ்வொரு செட்டிலும் ஒன்று மட்டும் கடையில் வாங்கிய மடிப்பு கலையாமல் இருந்தது.