மறைபுள்ளி சரி, தரை ஏன் மேலே ஏறுகிறது?

கேள்வி: தூண்கள் உள்ள ஒரு பெரிய கூடத்தை அக்ரிலிக்கில் வரைகிறேன். உள்நோக்கிப் போகும் கோடுகளையெல்லாம், தூரத்தில் அவை சேர்வதுபோல் தெரியும் ஒரே மறைபுள்ளிக்குத்தான் இழுத்தேன். ஆனாலும் தரைச் சதுரங்கள் சாய்த்துவைத்த பலகை மாதிரி ஏறுகின்றன. துணி மடிப்பின் நிழலுக்குக் கறுப்பு கலந்தால் நிறம் அழுக்காகிறது. மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தார்கள்?

பதில்: மறைபுள்ளிக்குக் கோடு இழுப்பது பாதி வேலைதான். குறுக்குக் கோடுகளுக்கு என்ன இடைவெளி விட்டீர்கள்? முதல் வரிசைக்கு ஓர் அளவு, அடுத்ததற்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று குறைத்துக்கொண்டே போயிருந்தால் சிக்கல் அங்கேதான். அன்றைய ஓவியர்கள் சிலரும் அப்படித்தான் செய்தார்கள். அது தவறு என்று 1435 வாக்கில் ஓவியம் பற்றிய தன் நூலில் எழுதினார் இத்தாலியரான ஆல்பெர்ட்டி. அவர் சொன்ன சோதனை எளிது. ஒரு சதுரத்தின் மூலைவிட்டத்தில் ஸ்கேலை வைத்து நீட்டுங்கள். அடுத்தடுத்த வரிசைகளிலும் அந்தக் கோடு மூலைக்கு மூலை போகவேண்டும். விலகினால் இடைவெளி தப்பு.

திருத்த, கண்மட்டக் கோட்டை (மறைபுள்ளி வழியாகப் போகும் கிடைக்கோடு, பார்ப்பவரின் கண் உயரம்) வலப்புறம் தாளுக்கு வெளியே நீட்டி, மறைபுள்ளியிலிருந்து தாளின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இடம் பற்றாவிட்டால் பக்கத்தில் பழைய செய்தித்தாளை ஒட்டிக்கொள்ளலாம். படத்தின் கீழ் இடது மூலையிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு. மறைபுள்ளிக்குப் போகும் கோடுகளை அது வெட்டும் இடத்திலெல்லாம் ஒரு கிடைக்கோடு. அவ்வளவுதான், தரை படிந்துவிடும். பார்ப்பவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதைத்தான் அந்தப் புள்ளி தீர்மானிக்கிறது. ரொம்பக் கிட்டே வைத்தால் முன்வரிசைச் சதுரங்கள் நீண்டு தரை தூக்கிக்கொள்ளும்.

கண்மட்டத்தை அளவுக்கு மீறி உயர்த்தினாலும் தரை ஏறும். ஃப்ளாரன்ஸின் பிரான்காச்சி சிற்றாலயத்தில் மசாச்சியோ 1420-களில் தீட்டிய ‘வரிக்காசு’ சுவரோவியத்தைப் பாருங்கள். நடுவில் கூடி நிற்பவர்களின் பாதங்கள் முன்னும் பின்னுமாக இருக்கும், தலைகள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். அதுதான் கண்மட்டம். வெளிச்சத்துக்கும் அதே ஓவியம் போதும்: சிற்றாலயத்தின் நிஜ ஜன்னல் வலப்பக்கம் இருப்பதால் நிழல்கள் இடப்பக்கம் விழுகின்றன. நீங்களும் ஜன்னலை முடிவு செய்த பிறகே நிழலைத் தொடுங்கள்.

நிறத்துக்குக் கறுப்பை மறந்துவிடுங்கள். துணி தீட்ட மூன்று கிண்ணங்களில் நிறம் கலக்கச் சொல்கிறது இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினியின் கைநூல். கலப்பில்லாத நிறம் நிழலுக்கு, நிறைய வெள்ளை சேர்த்தது வெளிச்சத்துக்கு, இரண்டையும் கலந்தது நடுவுக்கு. இன்னும் துணிச்சல் வேண்டுமானால் மைக்கேலாஞ்சலோ வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் செய்ததுபோல் நிறத்தையே மாற்றலாம், மஞ்சளின் நிழலில் பச்சை வைக்கிற மாதிரி.

லியோனார்டோவின் புகைபோல் கரையும் நிழலை மட்டும் அக்ரிலிக்கில் அப்படியே முயல வேண்டாம். அவர் கையில் இருந்தது மெதுவாக உலரும் எண்ணெய் வண்ணம். உங்களுக்கு ரிடார்டர் (அக்ரிலிக் உலர்வதைத் தாமதப்படுத்தும் சேர்மானம்) கலந்த மெல்லிய பூச்சுகள்தான் வழி.