மேடையில் ஒருவர் பேச ஆரம்பித்ததும் மைக் ஏன் ‘கொய்ங்’ என்று கூவுகிறது? மைக் செட்காரர் தூங்குகிறாரா?

பெரும்பாலும் தூங்குவதில்லை. மைக்கைக் கூவ வைப்பது பல நேரம் பேசுகிறவரின் கைதான்.

மைக்கில் நுழைந்த ஒலி ஸ்பீக்கர் வழியாக வெளியே வருகிறது. அதில் ஒரு பங்கு மறுபடி மைக்குக்குள்ளேயே போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது குறைந்துகொண்டே வந்தால் தொல்லை இல்லை. ஏதோ ஒரு அலைவரிசையில் மட்டும் குறையாமல் திரும்பினால் போதும், சுற்றுக்குச் சுற்று வளர்ந்து கண்மூடித் திறப்பதற்குள் அந்த ஒற்றைச் சத்தம் மண்டபத்தை நிறைத்துவிடும். டென்மார்க் இயற்பியலாளர் லார்சன் பெயரால் இதற்கு லார்சன் விளைவு என்று பெயர். மைக் செட்காரர்கள் ஃபீட்பேக் என்பார்கள்.

கூவியதும் பேச்சாளர் என்ன செய்கிறார்? மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்துகிறார். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை அது. மேடை மைக்குகள் பெரும்பாலும் கார்டியாய்டு வகை. முன்னால் வரும் ஒலியை நன்றாக வாங்கும், பின்பக்கம் ஏறக்குறைய செவிடு. மைக் தலையின் வலைக்குள், ஒலி பட்டு அதிரும் டயாபிரம் என்ற மெல்லிய தகட்டுக்குப் பின்னால் இருக்கும் துளைகள்தான் அந்தச் செவிட்டுத்தன்மையைத் தருகின்றன. வலையைக் கையால் மூடினால் துளைகளும் அடைபடும். பிறகு மைக் நான்கு பக்கமும் கேட்கும், பேசுகிறவர் தன் குரலைத் தானே கேட்கக் காலடியில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் உட்பட. ராப் பாடகர் மாதிரி தலையைப் பிடித்துப் பேசுவதும் இதே கதை. பிடிக்க வேண்டியது தண்டை.

பயந்துபோய் அடுத்ததாக மைக்கை நெஞ்சுவரை இறக்குவார். வாயிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருந்த மைக் 20 செ.மீ.க்குப் போனால் குரல் சுமார் 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறையும். 40க்குப் போனால் இன்னும் 6. ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் உள்ள தூரமோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பின்வரிசையிலிருந்து “சவுண்டு கேக்கல” என்று குரல் வரும், ஆபரேட்டர் வால்யூமை ஏற்றுவார், மறுபடி கொய்ங். மைக் கூவினால் பேச்சாளர் செய்ய வேண்டியது நேர் எதிரானது: வாயை மைக்குக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோய்க் கணீரென்று பேச வேண்டும். அப்போதுதான் ஆபரேட்டரால் வால்யூமை இறக்க முடியும்.

ஆபரேட்டர் பக்கமும் தவறு உண்டு. சோதிக்கிறவர் மைக்கில் உதட்டை ஒட்டவைத்து “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று முழங்குவார். சிறப்பு விருந்தினர் ஒரு முழம் தள்ளி நின்று முணுமுணுப்பார். சோதித்த நிலைமை ஒன்று, நடப்பது வேறு. ஊதிப் பார்ப்பதும் தட்டிப் பார்ப்பதும் மைக்குக்கு உயிர் இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும்.

முறையான சோதனை இப்படி. முதலில் ஸ்பீக்கர்களை மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து வைக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் அழகாக நிறுத்தினால் எந்தக் கருவியும் காப்பாற்றாது. ஒருவரை மைக் முன் நிற்கச் சொல்லிவிட்டு வால்யூமை மெல்ல ஏற்ற வேண்டும். ரீங்காரம் தொடங்கும் இடத்தில் நிறுத்தி அது எந்த உயிரெழுத்து மாதிரி ஒலிக்கிறது என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். ‘ஊ’ என்றால் 250 முதல் 500 ஹெர்ட்ஸ், ‘ஆ’ என்றால் 1000 பக்கம், ‘ஈ’ என்றால் 2000க்கு மேல். ஒலியை அலைவரிசைவாரியாக 31 பட்டைகளாகப் பிரித்து ஏற்றி இறக்கும் ஈக்குவலைசரில் அந்தப் பட்டையை 3 டெசிபல் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். நாலைந்து பட்டைகளோடு நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் வெட்டினால் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். கடைசியில் மொத்த வால்யூமை 6 டெசிபல் குறைத்துவிட்டால் பாதுகாப்பான இடைவெளி கிடைக்கும்.

மேடையில் எட்டு நாற்காலி, எட்டு மைக், எட்டும் திறந்தே கிடக்கும் வழக்கம் வேறு. திறந்த மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம், கூவாமல் ஏற்றக்கூடிய வால்யூமில் 3 டெசிபல் போகும். ஒன்றுக்குப் பதில் எட்டு என்றால் 9 டெசிபல், அதாவது நீங்கள் சேர்த்துவைத்த இடைவெளி முழுவதும் போய் அதற்கு மேலும் கடன். பேசுகிறவர் மைக்கைத் தவிர மற்றவற்றை இறக்கிவைப்பதற்குத்தான் எல்லா மைக்குகளின் ஒலியையும் கலந்து கட்டுப்படுத்தும் மிக்சர் கருவியில் ஆள் உட்கார வேண்டும்.

மைக் அடியோடு செத்துப்போவது வேறு வியாதி. 1976 செப்டம்பர் 23, பிலடெல்பியா. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான ஃபோர்டு, கார்ட்டர் தொலைக்காட்சி விவாதம். ஆம்ப்ளிபயருக்குள் கெபாசிட்டர் என்ற ஒரு சின்ன மின் உறுப்பு பழுதாகி ஒளிபரப்பில் ஒலி நின்றது. அதிபரும் அதிபராகத் துடித்தவரும் 27 நிமிடம் ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஆளுக்கொரு மேசைக்குப் பின்னால் மரம்போல் நின்றார்கள். இதற்கு ஈக்குவலைசர் உதவாது. மாற்று ஆம்ப்ளிபயர் ஒன்று, வயருள்ள உபரி மைக் ஒன்று, வயர்லெஸ் மைக்குக்குப் புது பேட்டரி. பேட்டரியை விழா தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், சிவப்பு விளக்கு எரிந்த பிறகு அல்ல.