போனைப் பறிக்கலாமா?

கேள்வி: மகன் தரம் 7. பாடசாலை வேனில் பெரிய பெடியன்கள் 'பூசணி' என்று பட்டம் வைத்துப் பகிடி பண்ணுகிறார்கள். போன வாரம் அவன் வாய் திறந்து தூங்கும் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். போனை வாங்கி வைத்துவிடலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் தங்கச்சி. பறித்தால் அடுத்த தடவை உங்களிடம் வாயே திறக்க மாட்டான். 26 வருடம் படிப்பித்தவள் சொல்கிறேன், சொன்ன பிள்ளைக்கே தண்டனை என்றால் எந்தப் பிள்ளை சொல்லும்?

முதலில் ஸ்கிரீன்ஷாட். போட்டவன் பயந்து அழித்துவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. திகதியும் அனுப்பியவரின் இலக்கமும் தெரிய எடுங்கள். குழுவில் மகன் பதில் எழுதவே கூடாது. ஒரு கோபச் சொல் போதும், நாளைக்கு அதைத்தான் அதிபரிடம் காட்டுவார்கள்.

வேன் விஷயம் வேறு. "திருப்பி அடி" என்று அவன் அப்பா சொல்லியிருப்பார். பெரிய பெடியனை இவன் அடிக்கிறதா! "அப்படிக் கூப்பிடாதீங்க, எனக்குப் பிடிக்கேல்ல." இவ்வளவு போதும். தலை குனியாமல், கத்தாமல். தேங்காய் திருவும்போது நீங்களே பெரிய பெடியனாக நடித்துப் பழக்குங்கள். என் மகள் முதல் நாள் சிரித்தே கெடுத்தாள், நாலாம் நாள் குரல் வந்துவிட்டது. அப்புறம், சாரதிக்குப் பின் சீட்டில் அவனை இருக்கச் சொல்லுங்கள்.

வகுப்பாசிரியரிடம் ஸ்கிரீன்ஷாட்டோடு போங்கள். அங்கே அசையாவிட்டால், அல்லது மிரட்டல் வந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள். கட்டணம் இல்லை.